பந்தோடு ஓடாதே!

பிள்ளைகளே, உங்கள் பள்ளியில் கூடைப்பந்து மைதானம் இருக்கிறதா? இருந்தால் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பந்தைப் பிடிக்கிறார். தரையில் தட்டாமல், நாலு எட்டு வைத்துக் கூடையை நோக்கிப் பாய்கிறார். உடனே விசில் சத்தம்! நடுவர் இரண்டு கைகளையும் மூடி, நூல் சுற்றுவது போல ஒன்றைச் சுற்றி மற்றொன்றைச் சுழற்றிக் காட்டுகிறார். அவ்வளவுதான், பந்து எதிரணிக்குப் போய்விடுகிறது.

இந்தத் தவறுக்கு 'டிராவலிங்' என்று பெயர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பயணம் போய்விட்டார் என்று அர்த்தம்!

கால்பந்தில் பந்தோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். ரக்பி ஆட்டத்தில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடலாம். கூடைப்பந்தில் மட்டும் ஏன் கூடாது? இந்த விதியை யார் போட்டது? எதற்காகப் போட்டார்?

அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரின் கதையைக் கேட்க வேண்டும். வாருங்கள், கேட்போம்.

பெற்றோரை இழந்த சிறுவன்

கனடா நாட்டில் ஆன்டாரியோ மாகாணம். அங்கே ஆல்மான்ட் என்ற சிற்றூரின் அருகே, 1861-ம் ஆண்டு நவம்பர் 6-ம் தேதி ஜேம்ஸ் பிறந்தான். அவனுடைய குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய குடும்பம்.

1870-ம் ஆண்டில் அந்த வீட்டை டைபாய்டு காய்ச்சல் தாக்கியது. இப்போது டைபாய்டுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அப்போது கிடையாது. சில வாரங்களுக்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஜேம்ஸுக்கு அப்போது ஒன்பது வயது. அவனையும் அக்காவையும் தம்பியையும் உறவினர்கள் எடுத்து வளர்த்தார்கள். மாமா பீட்டர் யங்கின் பண்ணையில் ஜேம்ஸ் வளர்ந்தான். மாமா கண்டிப்பானவர். பண்ணை வேலை எல்லாவற்றையும் ஜேம்ஸ் செய்ய வேண்டும்.

வேலை முடிந்த பிறகு விளையாட்டு! அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஆட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'பாறை மேல் வாத்து'. ஒரு பெரிய பாறையின் மேல் சிறு கல் ஒன்றை வைப்பார்கள். அதுதான் வாத்து. கொஞ்ச தூரத்தில் கோடு போட்டு நின்று, தங்கள் கல்லை எறிந்து வாத்தைக் கீழே தள்ள வேண்டும். வாத்தைக் காவல் காக்க ஒருவன் நிற்பான். வேகமாக வீசினால் கல் குறி தப்பி எங்கேயோ போய்விழும். அதைத் தேடி எடுத்து வருவதற்குள் காவல்காரன் தொட்டுவிடுவான். கல்லை மெதுவாக, வளைவாக, உயரத் தூக்கிப் போட்டால் அது வாத்தின் மேலேயே போய் இறங்கும். பலத்தைவிடப் பக்குவம் முக்கியம் என்று ஜேம்ஸ் அந்த ஆட்டத்தில் கற்றுக்கொண்டான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

பதினைந்து வயதில் ஜேம்ஸ் படிப்பை விட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்விட்டான். சில ஆண்டுகள் அந்தக் கடினமான வேலையைச் செய்தான். பிறகு, படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. தன்னைவிட வயதில் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருவதற்கு அவன் வெட்கப்படவில்லை. பள்ளிப் படிப்பை முடித்தான். 1883-ல் மான்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான்.

விளையாட்டா, பிரசங்கமா?

ஜேம்ஸ் நெய்ஸ்மித் மத போதகர் ஆக வேண்டும் என்று விரும்பினார். அதற்காகப் பட்டப்படிப்பை முடித்து, மான்ட்ரியலில் இருந்த இறையியல் கல்லூரியிலும் படித்தார். அதே நேரத்தில் ரக்பி, லக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று எல்லா விளையாட்டுகளிலும் கலக்கினார். லக்ராஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் கனடா நாட்டு விளையாட்டு.

ரக்பி முரட்டு விளையாட்டு. பந்தை வைத்திருப்பவரை மற்றவர்கள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். மூக்கு உடையும், கண் வீங்கும். போதகர் ஆகப் போகிறவர் இப்படி மண்ணில் புரளலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள்.

நெய்ஸ்மித் வேறு மாதிரி யோசித்தார். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே அவருடைய அணி வீரர் ஒருவர் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டார். பேசிய வேகத்திலேயே திரும்பிப் பார்த்து, நெய்ஸ்மித் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நெய்ஸ்மித் அவருக்கு எந்த அறிவுரையும் சொன்னதில்லை. கூட நின்று நேர்மையாக விளையாடியதே போதுமானதாக இருந்தது. மேடையில் நின்று பேசி மனிதர்களைத் திருத்துவது போல மைதானத்தில் நின்றும் திருத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது.

1890-ல் அவர் ஒரு முடிவு எடுத்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே அங்கு ஆசிரியராகவும் ஆனார்.

அடங்காத 18 பேர்

ஸ்பிரிங்ஃபீல்டில் குளிர்காலம் வந்தால் மைதானம் முழுக்கப் பனி மூடிவிடும். வெளியே விளையாட முடியாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளே, வரிசையில் நின்று கையைத் தூக்கு, காலை மடக்கு என்று பயிற்சி செய்ய வேண்டியதுதான்.

18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்புக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர்கள் சின்னப் பையன்கள் இல்லை, வளர்ந்த இளைஞர்கள். தினமும் முணுமுணுப்பு, சலிப்பு, வம்பு. இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்து, முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். பள்ளியின் உடற்கல்வித் தலைவர் லூதர் குலிக், அந்த வகுப்பை நெய்ஸ்மித் தலையில் கட்டினார். கூடத்துக்குள் விளையாடக்கூடிய புதிய ஆட்டம் ஒன்றை 14 நாட்களில் உருவாக்கச் சொன்னார். அது 1891 டிசம்பர்.

நெய்ஸ்மித் முதலில் தெரிந்த ஆட்டங்களையே மாற்றிப் பார்த்தார். ரக்பி போன்ற ஆட்டத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார். மரத் தரையில் விழுந்தால் எலும்பு என்ன ஆகும்? கால்பந்தை முயன்றார். ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஆபத்து. லக்ராஸை முயன்றார். முகத்திலும் கையிலும் அடி விழுந்தது. நாட்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆட்டம் மட்டும் கிடைக்கவில்லை.

விரல் சொடுக்கும் நேரத்தில்

தோல்வியோடு அறைக்குத் திரும்பிய நெய்ஸ்மித் நிதானமாக உட்கார்ந்து யோசித்தார். ஏதாவது ஓர் ஆட்டத்தை அப்படியே உள்ளே கொண்டுவருவதை விட்டுவிட்டு, எல்லா ஆட்டங்களையும் பிரித்துப் பார்த்தார்.

முதல் கேள்வி: எந்தப் பந்து? சின்னப் பந்து என்றால் மட்டை வேண்டும், கோல் வேண்டும். கூடத்துக்குள் கோலைச் சுழற்றினால் மண்டை உடையும். ஆகவே பெரிய பந்து, வெறும் கை.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ரக்பியில் ஏன் ஒருவரை ஒருவர் தள்ளிவிடுகிறார்கள்? அவர்கள் எல்லாரும் முரடர்களா? இல்லையே! பந்தை வைத்திருப்பவர் ஓடுகிறார். ஓடுகிறவரை நிறுத்த வேறு வழி இல்லாததால், பாய்ந்து பிடித்துத் தள்ளுகிறார்கள்.

அப்படியானால்... பந்தை வைத்திருப்பவர் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டால்?

ஓடவில்லை என்றால் அவரை யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. தள்ளவில்லை என்றால் யாருக்கும் அடிபடாது. நெய்ஸ்மித் விரலைச் சொடுக்கினார். விடை கிடைத்துவிட்டது!

பிள்ளைகளே, இதைக் கவனித்தீர்களா? தள்ளாதே, இடிக்காதே என்று நூறு தடவை கத்துவதைவிட, தள்ள வேண்டிய அவசியமே இல்லாதபடி செய்துவிட்டார். நோயின் வேரைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது போல.

மூன்றாவது கேள்வி: இலக்கு எப்படி இருக்க வேண்டும்? நிற்க வைத்த கோல் கம்பம் என்றால், பலம் உள்ளவர் முழு வேகத்தில் எறிவார். எதிரே நிற்பவர் முகம் வீங்கும். அப்போதுதான் அவருக்குப் 'பாறை மேல் வாத்து' ஞாபகம் வந்தது! இலக்கைப் படுக்கை வாட்டில், தலைக்கு மேலே வைத்துவிட்டால், பந்தை வளைவாக, மென்மையாகத்தான் எறிய வேண்டும். வேகம் உதவாது. பக்குவம்தான் உதவும்.

மறுநாள் காலையில் பள்ளியின் காவலாளியிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். அவரிடம் பெட்டி இல்லை. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள்தான் இருந்தன. அவற்றைக் கூடத்தின் இரண்டு பக்கமும் மாடிக் கைப்பிடியின் அடியில் ஆணி அடித்து மாட்டினார். அந்த இடத்தின் உயரம் தரையிலிருந்து 10 அடி. இன்றைக்கும் கூடைப்பந்து வளையத்தின் உயரம் அதே 10 அடிதான்!

இரக்கம் உள்ள விதி

நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதினார். அதைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவற்றில் மூன்றாவது விதிதான் நம் கதையின் நாயகன்.

அது என்ன சொல்கிறது? பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. எந்த இடத்தில் பந்தைப் பிடித்தாரோ, அந்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். அதோடு நிற்கவில்லை. நல்ல வேகத்தில் ஓடி வரும்போது பந்தைப் பிடித்தவர், நிற்பதற்கு உண்மையாக முயன்றால், அவருக்குக் கொஞ்சம் சலுகை காட்ட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

இந்தச் சலுகை எதற்காக? பஸ்ஸில் போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? நீங்கள் முன்னால் போய்ச் சாய்வீர்கள். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். நிலைமம் என்று அறிவியல் பாடத்தில் படிப்பீர்களே, அதுதான். ஓடி வருகிற ஒருவர் பந்தைப் பிடித்த நொடியிலேயே சிலை மாதிரி நின்றுவிட முடியுமா? முடியாது. விளையாடிப் பழகிய நெய்ஸ்மித்துக்கு அது தெரியும். ஆகவே உடம்பால் முடியாததை அவர் கேட்கவில்லை. நிற்க முயற்சி செய்தாரா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

அந்த முதல் விதிகளில் பந்தோடு ஓடுவது எவ்வளவு பெரிய தவறு தெரியுமா? ஒருவரைப் பிடித்துத் தள்ளுவது எப்படி 'ஃபவுல்' ஆனதோ, அப்படியே பந்தோடு ஓடுவதும் 'ஃபவுல்'! ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால், எதிரணிக்கு ஒரு கோல் கொடுத்துவிடுவார்கள். (இப்போது டிராவலிங் சின்னத் தவறுதான். பந்து மட்டும் எதிரணிக்குப் போகும்.)

முதல் ஆட்டம்

1891 டிசம்பர் 21. அந்த 18 பேரும் வந்தார்கள். அணிக்கு ஒன்பது பேர். கால்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு நெய்ஸ்மித் நடுவில் நின்று மேலே தூக்கிப் போட்டார். ஆட்டம் தொடங்கியது!

யாருக்கும் எப்படி ஆடுவது என்று தெரியவில்லை. எல்லாரும் கூடையைப் பார்த்து எறிந்தார்கள். பல தடவை விசில் ஊத வேண்டியிருந்தது. எதற்காக என்று சொல்லுங்கள் பார்ப்போம்? பெரும்பாலும் பந்தோடு ஓடியதற்காகத்தான்! காலம் காலமாகப் பந்தைப் பிடித்தால் ஓடிப் பழகிய கால்கள் ஆயிற்றே! கடைசியில் வில்லியம் சேஸ் என்ற மாணவர் தூரத்திலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 1-0. அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான்.

கூடையில் அடிப்பாகம் இருந்ததால், விழுந்த பந்தை எடுக்க ஏறித்தான் ஆக வேண்டும்! கூடைக்குப் பதிலாக அடி திறந்த வலை வந்தது பிற்காலத்தில்தான்.

இந்த ஆட்டம் பிறந்த கதையை நெய்ஸ்மித் இன்னொரு விதமாகவும் சொல்லியிருக்கிறார். 1939 ஜனவரியில் நியூயார்க் வானொலியில் அவர் பேசினார். போதிய விதிகள் இல்லாமல் முதலில் ஆட விட்டதாகவும், இளைஞர்கள் இடித்து, உதைத்து, குத்திக்கொண்டதாகவும், ஒருவர் மயங்கி விழுந்ததாகவும், ஒருவருக்குத் தோள் பிசகியதாகவும் அதில் சொன்னார். இவ்வளவு அடிபட்டும் அவர்கள் மறுபடி ஆட வேண்டும் என்று நச்சரித்தார்களாம்! அதன் பிறகே பந்தோடு ஓடக் கூடாது என்ற விதியைச் சேர்த்ததாகச் சொன்னார். அவர் எழுதிய புத்தகத்தில், விதிகளை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிட்டதாக இருக்கிறது. முன்போ பின்போ, விதிகளில் முக்கியமானது இதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

விடுமுறை முடிந்து திரும்பியபோது, ஆட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று ஃபிராங்க் மஹன் என்ற மாணவர் கேட்டார். நெய்ஸ்மித்தின் பெயரையே வைக்கலாம் என்றார். நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். கூடை இருக்கிறது, பந்து இருக்கிறது. ஆகவே கூடைப்பந்து என்று மஹன் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வகுப்பு மாணவர்கள் வேலைக்காகப் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் போனார்கள். போன இடமெல்லாம் ஆட்டமும் போனது. அவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-ல் நம் இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னை நந்தனத்தில் இருக்கிறதே, அதே கல்லூரிதான்!

சிக்கிக்கொண்டவர் கண்ட வழி

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். பந்தைப் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால், இப்போது எல்லாரும் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுகிறார்களே, அது எப்படி?

நல்ல கேள்வி! நெய்ஸ்மித்தின் 13 விதிகளில் தட்டிக்கொண்டு ஓடுவது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் விளையாடியவர்களே. பந்தை வைத்திருப்பவரை எதிரணியினர் சூழ்ந்துகொள்கிறார்கள். யாருக்கும் எறிய முடியவில்லை. ஓடவும் கூடாது. என்ன செய்வார்? பந்தைக் கையிலிருந்து விட்டுவிடுவார். தரையில் உருட்டியோ தட்டியோ விட்டு, தானே ஓடிப்போய் மறுபடி பிடிப்பார். பந்து கையில் இல்லாதபோது ஓடினால் அது பந்தோடு ஓடியது ஆகாதே!

இப்படித் தப்பிக்கப் பிறந்த தந்திரம்தான் 'டிரிப்ளிங்'. 1890-களின் பிற்பகுதியில் யேல் பல்கலைக்கழக அணி இதை நன்றாகப் பயன்படுத்தியது. இதைத் தடுக்க வேண்டும் என்று சிலர் பின்னாளில் முயன்றார்கள். நெய்ஸ்மித்துக்கோ அது பிடித்திருந்தது. தன் விதியை மீறாமலே வீரர்கள் புது வழி கண்டதை அவர் ரசித்தார். ஆட்டத்தின் அழகான அம்சங்களில் ஒன்றாக அதைக் கருதினார்.

நீங்களே நடுவர்!

நெய்ஸ்மித் அன்று காட்டச் சொன்ன அந்தக் கொஞ்சம் சலுகை இருக்கிறதே, அதுதான் நடுவர்களுக்கு இன்றுவரை பெரிய வேலை வைக்கிறது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஓர் எட்டா, இரண்டு எட்டா? காலப்போக்கில் அதைத் துல்லியமாக வரையறுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் என்.பி.ஏ. 2009-ல் இரண்டு எட்டு என்று தன் விதிப் புத்தகத்தில் தெளிவாக எழுதியது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான 'ஃபிபா' 2017-ல் தன் விதியைத் திருத்தி எழுதியது.

எழுந்து நில்லுங்கள். ஒரு பந்தையோ தலையணையையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நாமே செய்து பார்த்துவிடுவோம்!

முதலில், நின்றுகொண்டே பந்தைப் பிடிக்கிறீர்கள். இரண்டு காலும் தரையில். இப்போது வலது காலைத் தூக்குங்கள். அந்த நொடியில் உங்கள் இடது கால் 'பிவட்' கால் ஆகிவிட்டது. அதாவது, ஊன்றிய கால். மாவு அரைக்கும் திருகைக்கு நடுவில் ஒரு முளை இருக்குமே, அது மாதிரி. வலது காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். ஊன்றிய கால் அதே இடத்தில் திரும்பலாம், நகரக் கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட நினைத்தால், ஊன்றிய காலைத் தூக்குவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பந்தை எறியப் போகிறீர்களா? அப்போது ஊன்றிய காலைத் தூக்கலாம். ஆனால் அது மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும்.

இரண்டாவது, ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறீர்கள். பிடிக்கும்போது ஒரு கால் தரையில் இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது பூஜ்யம். அடுத்த எட்டு ஒன்று. அதற்கடுத்தது இரண்டு. மூன்றாவது எட்டு தரையைத் தொடுவதற்குள் பந்து போய்விட வேண்டும். பிடித்த பிறகு ஒரே காலால் தொடர்ந்து குதிக்கவும் கூடாது. நொண்டி விளையாட்டை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!

மூன்றாவது, பந்தோடு கீழே விழுந்துவிட்டீர்கள். விழுந்த வேகத்தில் தரையில் வழுக்கிக்கொண்டு போனால் தவறில்லை. அது உங்கள் கையில் இல்லை அல்லவா? ஆனால் பந்தைப் பிடித்துக்கொண்டே உருண்டாலோ, எழுந்து நிற்க முயன்றாலோ டிராவலிங்.

வழுக்கினால் குற்றமில்லை, உருண்டால் குற்றம். இதில் நெய்ஸ்மித்தின் பழைய எண்ணம் தெரிகிறதா? உடம்பை நிறுத்த முடியாமல் நடப்பது வேறு, வேண்டுமென்றே இடம் பிடிப்பது வேறு.

ஒரு நல்ல நடுவர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பந்து கைக்கு வந்து சேரும் நொடியில் அவர் கண் காலைத் தேடுகிறது. எந்தக் கால் தரையில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறார். அதிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார். பந்து கைக்குள் சரியாக அடங்காமல் தடுமாறிக்கொண்டு இருந்தால் எத்தனை எட்டு வைத்தாலும் டிராவலிங் இல்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் பல நேரம் இது தெரியாமல்தான் நடுவரைத் திட்டுகிறார்கள்!

பெர்லினில் மழை

நெய்ஸ்மித் பிறகு என்ன ஆனார்? மருத்துவம் படித்து 1898-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே கூடைப்பந்து அணியை உருவாக்கி 1907 வரை பயிற்சியும் கொடுத்தார். அவருடைய அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60-ல் தோற்றது! அந்தப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் யார் தெரியுமா? ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவர்தான். அதற்காக அவர் வருந்தவில்லை. ஜெயிப்பதைவிட, விளையாடுகிறவர் நல்ல மனிதர் ஆவதே அவருக்கு முக்கியம். பல ஆட்டங்களில் அவரே நடுவராகவும் நின்று விசில் ஊதினார். ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கிப் பணம் சேர்க்கவும் இல்லை.

1936-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டி. கூடைப்பந்து முதல் முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பணம் திரட்டி 74 வயது நெய்ஸ்மித்தை அனுப்பி வைத்தார்கள். 20-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள், தான் கண்டுபிடித்த ஆட்டத்தை ஆடுவதை அவர் கண்ணாரப் பார்த்தார்.

இறுதி ஆட்டம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். அதாவது, அவர் வாழ்ந்த நாட்டுக்கும் பிறந்த நாட்டுக்கும்! திறந்தவெளியில் மண் தரையில் ஆட்டம். அன்று பார்த்து மழை கொட்டியது. தரை சேறாகிவிட்டது. சேற்றில் பந்தைத் தட்டினால் எழும்புமா? எழும்பவில்லை. தட்டிக்கொண்டு ஓட வழியே இல்லை. பந்தைப் பிடிப்பது, நிற்பது, எறிவது. கிட்டத்தட்ட 1891-ல் மூன்றாம் விதி சொன்ன அதே ஆட்டத்தை அன்று அவர்கள் ஆட வேண்டியதாயிற்று! அமெரிக்கா 19-8 என்று வென்றது. மெக்சிகோவுக்கு மூன்றாம் இடம். வென்றவர்களுக்குப் பதக்கம் வழங்கியவர் நெய்ஸ்மித்.

1939-ம் ஆண்டு நவம்பர் 28-ம் தேதி கான்சாஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் அவர் காலமானார். அவருடைய புத்தகம் 1941-ல் வெளிவந்தது. தட்டச்சு செய்து பலகையில் ஒட்டிய அந்த இரண்டு தாள்கள் 2010-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயின! அவற்றை வாங்கியவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இப்போது அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

குட்டி நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் ஆடும்போது விசில் ஊதி, நடுவர் கைகளைச் சுழற்றினால் கோபப்படாதீர்கள். முதலில் உங்கள் ஊன்றிய காலைப் பாருங்கள். நீங்கள் நடுவராக நிற்க நேர்ந்தால், அவசரப்பட்டு விசில் ஊதாதீர்கள். ஓடி வந்தவன் நிற்க முயன்றானா என்று பாருங்கள், பிறகு எண்ணுங்கள். 18 முரட்டு இளைஞர்களுக்கு அடிபடக் கூடாதே என்று ஒருவர் யோசித்து எழுதிய விதி அது. நவம்பர் 6 அவருடைய பிறந்த நாள். அன்றைக்குப் பள்ளி விட்டதும் ஓர் ஆட்டம் போடுங்களேன்!